தீர்மானம் யாருடையது? வைத்திய ஒழுக்கவியலில் ஒரு வினா

நீரிழிவு நோயாளர் ஒருவருக்கு இதுவரை உட்கொண்ட குளிசையால் இரத்தத்திலுள்ள சீனி போதியளவு குறையவில்லை. அடுத்து எந்த மருந்தைச் சேர்ப்பது? வழமையாக இவ்வினா வைத்தியரின் மனத்துள்ளே எழுந்து, அங்கேயே விடை கண்டு, மருந்துச் சீட்டாக வெளிவருவது. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் விக்டர் மொன்டோரி என்னும் வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வினாவை மேசைமீது எடுத்துவைக்க முனைந்தனர். அதற்கென அவர்கள் ஆக்கியவை சில அட்டைகளே. அவற்றின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மருந்துக்கு ஓர் அட்டை என வகுக்காமல், நோயாளியின் வாழ்வைத் தொடும் விடயம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை என வகுத்தனர். உடல் நிறை கூடுமா குறையுமா என்பது ஓர் அட்டை. சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்து மயக்கம் நேருமா என்பது இன்னொன்று. ஊசியா குளிசையா, எந்த வேளையில், எத்தனை தடவை என்பது பிறிதொன்று. விரலிற் குத்திச் சீனி பார்க்கவேண்டிய தேவை, பக்க விளைவுகள், சராசரிச் சீனி எவ்வளவு இறங்கும் என்பன ஏனையவை. வைத்தியர் இவற்றைப் பரப்பிவைத்து, எதைப்பற்றி முதலிற் பேசுவோம் என்று கேட்பார். நோயாளி ஓர் அட்டையை எடுப்பார். உரையாடல் அங்கிருந்து தொடங்கும்.

இவ்வட்டைகளைப் பயன்படுத்தியோரையும் வழமைபோலச் சிகிச்சை பெற்றோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அட்டைகளைக் கண்டோர் தம் மருந்துகளைப்பற்றிக் கூடுதலாக அறிந்திருந்தனர். தீர்மானத்திற் கூடுதலாகப் பங்குபற்றினர். ஆயின், ஆறு மாதங்களின் பின் சீனியின் அளவை நோக்கியபோது இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புள்ளிவிபரங்களையே நோக்குபவனுக்கு இம்முடிபு ஏமாற்றந் தரலாம். ஒழுக்கவியல் பயில்பவனுக்கோ இதுவே தொடக்கம். சீனி இறங்கவில்லையெனின் அந்த உரையாடலாற் கிடைத்தது யாது? இறக்கிக் காட்டத்தக்க பயன் எதுவும் இல்லாதவிடத்தும் அது செய்யப்படவேண்டியதா?

எல்லாத் தீர்மானங்களும் பகிரத்தக்கவை அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாம்பு தீண்டி நினைவு தடுமாறி வந்தவன் முன்னே அட்டைகளைப் பரப்புவது மடமை. ஆனால் வைத்தியத்தின் பெரும்பகுதி அத்தகையதன்று. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு இதனை நன்கு காட்டும். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றுவதே பல தசாப்தங்களாக வழக்காயிருந்தது. பேர்னாட் ஃபிஷரின் தலைமையில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிபுகள் 1985ஆம் ஆண்டில் வெளியாயின. 20 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த முடிபுகள் 2002இல் வந்தன. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை பெற்ற பெண்களும், மார்பகம் முழுவதையும் அகற்றுவித்த பெண்களும் உயிர்வாழும் காலத்தில் வேறுபடவில்லை என்பதே அவற்றின் சாரம். இவ்விடத்தில் விஞ்ஞானம் தன் சொல்லைச் சொல்லி முடித்து அமைதியாகிவிடுகின்றது. மார்பகத்தைக் காத்துக்கொண்டு, வாரக்கணக்கிற் கதிர்ச்சிகிச்சைக்கு அலைந்து, அதே இடத்தில் நோய் மீளுமோ என்ற எண்ணத்துடன் வாழ்வது ஒரு வழி. மார்பகத்தை இழந்து அந்த எண்ணத்தைப் பெருமளவு ஒழிப்பது மற்றொரு வழி. இவற்றுள் எது நல்லது என்று எந்த ஆய்வுகூடமும் கூறமுடியாது. அதனைக் கூறத்தக்க அறிவு அப்பெண்ணிடமே உண்டு. அவ்வறிவுங்கூட அவளிடம் முன்னரே உருப்பெற்றிருப்பதில்லை. பேசும்போதே பெரும்பாலும் உருவாகின்றது.

தெரிவுக்கு இடமுண்டு என்பதை நோயாளிக்குச் சொல்லாதுவிட்டால் தீர்மானம் விஞ்ஞானத்தின் கையிலேயே இருக்கும் என நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. 1938ஆம் ஆண்டில் அலிசன் குளோவர் என்னும் ஆங்கிலேய வைத்தியர், பாடசாலைச் சிறுவர்க்குத் தொண்டையிலுள்ள ரொன்சில்களை அகற்றும் சத்திரசிகிச்சை இங்கிலாந்தின் மாவட்டங்களிடையே பெரிதும் வேறுபடுவதைக் காட்டினார். வறுமை, காலநிலை, வீட்டு நெருக்கம் என எதைக்கொண்டும் அவ்வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அந்தந்த இடத்து வைத்தியரின் அபிப்பிராயமே எஞ்சியது. ஜோன் வென்பேர்க், அலன் கிட்டெல்சன் ஆகியோர் ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தை ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட கட்டுரையும் இதே நிலையைக் கண்டது. அயல் அயலாகவுள்ள ஊர்களிடையே ரொன்சில் அகற்றப்படும் வீதம் பல மடங்கு வேறுபட்டது. ஒரு பிள்ளையின் தொண்டை வெட்டப்படுமா என்பதை அதன் நோயைக் காட்டிலும் அது பிறந்த ஊர் தீர்மானித்தது! நோயாளி பங்குபற்றாத இடத்தில் வெற்றிடம் இருப்பதில்லை. அங்கு வழக்கம் வந்து அமர்ந்துகொள்கின்றது.

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. பிளேட்டோ தமது ‘சட்டங்கள்’ என்னும் நூலில் இருவகை வைத்தியரைப் பிரித்துக் காட்டுகின்றார். அடிமைகளுக்கு வைத்தியஞ் செய்பவன் காரணங் கேளாமலும் கூறாமலும் கட்டளையிட்டுவிட்டு அடுத்தவனிடம் விரைகின்றான். சுதந்திர மாந்தருக்கு வைத்தியஞ் செய்பவனோ நோயாளியோடும் அவனது உற்றாரோடும் பேசி, அவனிடமிருந்து தானும் கற்று, அவனை இணங்கவைத்த பின்னரே மருந்து விதிக்கின்றான். வைத்தியத்தின் முறையைக் கொண்டே நோயாளியின் அந்தஸ்தை அறியலாம் என்பது இதன் உட்கிடை. நம்மிடையேயும் திருக்குறளின் மருந்து அதிகாரம், வைத்தியத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே முதலில் வைக்கின்றது. இதைக்கொண்டு வள்ளுவர் இன்றைய கோட்பாட்டை அன்றே கண்டார் என்று முழங்குவது நம்மவர்க்குப் பழகிய மிகை. அதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளியையும் வைத்தியத்தின் ஓர் உறுப்பாக எண்ணும் மரபு நமக்குப் புதிதன்று என்ற அளவோடு நிற்பதே நேர்மை.

சட்டமும் இவ்விடத்துக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. 1957ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றையொட்டி, பொறுப்புள்ள வைத்தியர் குழுவொன்று ஒரு விடயத்தைச் சொல்லாதுவிடுவதைச் சரியெனக் கொள்ளுமாயின் அவ்வாறு விட்ட வைத்தியரிற் குற்றமில்லை என்பதே நீண்டகாலம் பிரித்தானிய நீதிமன்றங்களின் பொது நிலைப்பாடாயிருந்தது. 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மொன்ற்கொமரி வழக்கில் இதனை மாற்றியது. நீரிழிவுள்ள, உருவத்திற் சிறிய தாய் ஒருவருக்கு, பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 9 முதல் 10 வரை இருந்தது. வைத்தியர் அதைக் கூறவில்லை. கூறியிருந்தால் அத்தகைய தாய்மார் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும்படி கேட்பர். அது தாய்மாரின் நலத்துக்கு உகந்ததன்று என்பது அவர் கருத்து. 1999இல் பிறந்த அக்குழந்தை தோள் சிக்கியமையால் மூளை பாதிப்புற்றது. இவ்வழக்கை வாசிக்கும்போது ஒன்று உறுத்துகின்றது. அவ்வைத்தியர் அலட்சியக்காரர் அல்லர்; நன்மையை நாடியே மௌனஞ் சாதித்தார். கேட்டால் வேறொன்றைத் தெரிவார்கள் என்று தெரிந்தமையாலேயே கேட்காமல் விட்டார். நல்லெண்ணம் தீர்மானத்தைக் கைப்பற்றும்போது அதனை எதிர்ப்பது மிகக் கடினம்.

தீர்ப்புகளின் விளைவாகப் படிவங்கள் பெருகுவது இயல்பு. சம்மதப் பத்திரம் என்பது நாம் அனைவரும் அறிந்தது. பலர் வாசியாமலே ஒப்பமிடுவது. அதனையும் தீர்மானத்துக்குத் துணைசெய்யும் தாளையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. சம்மதப் பத்திரம் முடிந்த தீர்மானத்துக்குச் சாட்சி; நாளை வழக்கு வந்தால் வைத்தியசாலைக்குக் கவசம். துணைத்தாளோ தீர்மானம் பிறவாத நேரத்தில் இருவருக்கும் நடுவே கிடப்பது. அதில் ஒப்பமிட இடமில்லை.

இத்தகைய துணைக்கருவிகள் முதலில் நீண்டனவாகவே இருந்தன. வென்பேர்க்கும் அவரது நண்பர்களும் 1980களின் பிற்பகுதியில் புரோஸ்டேற் சுரப்பி வீங்கிய முதியோருக்கென ஒளிவட்டுப் படங்களை ஆக்கினர். பின்னர் நூற்றுக்கணக்கில் கைந்நூல்களும் படங்களும் வந்தன. அவை பயனற்றவை என்று சொல்வதற்கில்லை. 209 ஆய்வுகளையும் 107,698 பேரையும் உள்ளடக்கி 2024இல் வெளியான கொக்கிரேன் மீளாய்வு, இக்கருவிகளைப் பெற்றோர் கூடுதலாக அறிகின்றனர், தமக்கு நேரக்கூடியவற்றைச் சரியாக மதிப்பிடுகின்றனர் எனக் காட்டுகின்றது. எனினும் அவற்றுட் பல அலுமாரிகளிலேயே உறங்கின. கைந்நூலை வீட்டுக்குக் கொண்டுசென்று வாசிப்பவன் தனியே வாசிக்கின்றான். அவனது வினா எழும் நேரத்தில் வைத்தியர் அங்கில்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிற் பணியாற்றிய கிளின் எல்வின் முதலியோர் இதனாலேயே ஒற்றைத் தாளுக்கு வந்தனர். இடப்புறத்தில் நோயாளர் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள். மேலே சிகிச்சை வழிகள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டொரு வாக்கியம். சில நிமிடங்களில் இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.

சுருக்கம் என்பது இங்கே வெறும் வசதியன்று. தாள் குறுகும்போது உரையாடலுக்கு இடம் பிறக்கின்றது. அதனால் நான் அதை வரவேற்கின்றேன். ஆனால் சுருக்குதல் என்பது விலக்குதலுமாகும். ஆறு வினாக்கள் தாளில் இருக்கின்றன எனின், ஏழாவதை யாரோ விலக்கியிருக்கின்றார். வைத்தியசாலையில் எத்தனை நாள் தங்கவேண்டும் என்ற வரி இருக்கும். எத்தனை நாட் கூலி போகும் என்ற வரி இராது. நோயாளி தன் வினாவைத் தாளிற் காணாதபோது, அது கேட்கத்தகாத வினா என்றே கருதிவிடுவான். முன்னர் விடையை வைத்தியர் தீர்மானித்தார். இப்போது வினாவைத் தாளை ஆக்கியோர் தீர்மானிக்கின்றனர். பின்னைய அதிகாரம் கண்ணுக்குப் புலப்படாதது, ஆகவே அஞ்சத்தக்கது.

எண்களும் அப்படியே. பாபரா மக்நீல், ஏமோஸ் ட்வேர்ஸ்கி முதலியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. நுரையீரற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையா கதிர்ச்சிகிச்சையா என்று தெரியும்படி பலரைக் கேட்டனர். நூறு பேரில் 90 பேர் சத்திரசிகிச்சையைத் தாண்டி உயிர்வாழ்வர் எனச் சிலருக்கும், நூறு பேரில் 10 பேர் அதன்போது இறப்பர் என வேறு சிலருக்கும் கூறினர். உண்மை ஒன்றே. ஆனால் கதிர்ச்சிகிச்சையைத் தெரிந்தோர் முன்னைய சாராரில் நூற்றுக்கு 18. பின்னைய சாராரில் நூற்றுக்கு 44. வைத்தியர்களும் இம்மயக்கத்துக்கு விலக்காயிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இருமடங்கு ஆபத்து என்றால் நெஞ்சு பதறும்; 7,000 பேரில் ஒருவர் என்றிருந்தது இருவராயிற்று என்றால் அவ்வளவு பதறாது. 1995இல் பிரித்தானியாவில் கருத்தடைக் குளிசைகள் பற்றி விடுக்கப்பட்ட எச்சரிக்கை முதல்வகைச் சொல்லாற் பரவி, பெண்கள் பலர் குளிசையைக் கைவிட, கருச்சிதைவுகளே பெருகின. ஆகவே நல்ல தாள் ஒன்று வாழ்வோரையும் இறப்போரையும் ஒருசேரக் காட்டவேண்டும். எல்லா எண்களையும் ஒரே நூறு பேரைக்கொண்டு சொல்லவேண்டும். மேயோ நிலையத்தார் நூறு முகங்களை வரைந்து அவற்றுட் சிலவற்றுக்கு நிறமூட்டுவது இதற்காகவே.

இவையெல்லாம் செம்மையாக அமைந்தபின்னும் ஒரு பேராபத்து எஞ்சுகின்றது. அது கைவிடுதல். தாளை நீட்டிவிட்டு, இனி உமது தெரிவு என்று ஒதுங்குவது வைத்தியருக்கு எளிது. தவறு நேரின் பழியும் நோயாளியினுடையதாகிவிடும். எசிக்கியேல் இமானுவேல், லிண்டா இமானுவேல் ஆகிய இருவரும் 1992இல் எழுதிய கட்டுரையில் வைத்தியர் நோயாளர் உறவை நான்கு வகையாகப் பிரித்தபோது, தகவலை மட்டும் வழங்கும் வைத்தியரையும் ஒரு வகையாகக் காட்டி, அதன் போதாமையைச் சுட்டினர். நோயுற்றவன் கடைக்கு வந்த வாடிக்கையாளன் அல்லன். அவனுக்கு நோவு இருக்கின்றது, பயம் இருக்கின்றது, இரவு உறக்கமில்லை. ‘என்னுடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், டொக்டர்?’ என்று அவன் கேட்கும்போது, அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று பதிலளிப்பது நடுநிலைமை போலத் தோன்றும் கல்நெஞ்சம். அவ்வினாவுக்கு விடை சொல்லப்படவேண்டும் என்பதே என் துணிபு. ஆனால் விடையின் இடம் முக்கியம். நோயாளிக்கு எது பெரிது என்று கேட்டறிந்தபின் வரும் ஆலோசனை வேறு. அறியாது கூறுவது வேறு. முன்னையது அவனுடைய தராசில் வைத்தியர் வைக்கும் ஒரு படிக்கல். பின்னையது தராசையே பறித்துக்கொள்வது.

‘நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் ஐயா’ என்று முழுவதையும் ஒப்படைப்போரும் உளர். முதியோருள் அவர்களே அதிகம். அதனை அறியாமையென்று இகழ்வதற்கில்லை. நம்பி ஒப்படைப்பதும் ஒரு தீர்மானமே. ஆனால் ஒப்படைப்பதற்கு ஒரு பொருள் தன் கையில் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தன்னிடம் இருந்ததையே அறியாதவர் எதையும் ஒப்படைப்பதில்லை. அவரிடமிருந்து அது எடுக்கப்படுகின்றது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். சீனி இறங்கவில்லையே, பயன் என்ன? இவ்வினாவுக்குள்ளே ஒரு முற்கோள் மறைந்திருக்கின்றது. சராசரிச் சீனி எவ்வளவு இறங்கும் என்பது அந்த அட்டைகளுள் ஒன்று மாத்திரமே. ஏணியில் ஏறி வேலை செய்யும் ஒருவர், மயக்கம் வராதிருத்தலே எனக்குப் பெரிது என்று வேறோர் அட்டையை எடுத்திருக்கலாம். அவருடைய தெரிவு நல்லதா என்பதை அவர் எடுக்காத அட்டையைக்கொண்டு அளந்தால், வழக்கைக் கேட்பதற்கு முன்னரே தீர்ப்பை எழுதியவராவோம். நலம் என்பதை ஆய்வுகூட எண்ணாக முன்கூட்டியே வரையறுத்துவிட்டு, உரையாடல் அந்த எண்ணை உயர்த்தியதா தாழ்த்தியதா என்று கேட்பது அத்தகையது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது இலேசானதன்று. நீண்டகாலம் கட்டுப்படாத சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். இன்று மயக்கத்துக்கு அஞ்சித் தெரிந்தவர் இருபது ஆண்டுகளின் பின் பார்வையிழந்து வருந்துவாராயின், அந்த வருங்கால மனிதருக்காகப் பேசவேண்டியவர் யார்? வைத்தியரே. அதைச் சொல்லாது விடுவதும் மொன்ற்கொமரி வழக்கின் மௌனத்தைப் போன்றதே, திசைதான் வேறு. சொல்லியபின்னும் அவர் தம் தெரிவில் நிற்பாராயின் அதை மதிப்பதில் ஒரு வேதனை இருக்கும். அவ்வேதனையைத் தவிர்க்கும் வழி எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

எமது நாட்டு நிலையை நோக்குமிடத்து இரண்டு விடயங்கள் முன்னிற்கின்றன. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். அது பெரும் பேறு. அதனால் விடியற்காலையிலிருந்து கிளினிக் கொப்பியுடன் காத்திருப்போரின் வரிசையும் நீளம். இந்நெருக்கடியிற் கைந்நூலும் ஒளிப்படமும் கனவு. ஒற்றைத் தாளே நனவாகக்கூடியது. மற்றையது குடும்பம். வைத்தியர் நோயாளியைக் கட்டிலில் விட்டு, மூத்த மகனை வெளியே அழைத்து விடயத்தைச் சொல்லும் வழக்கத்தை நாம் அறிவோம். தாய்க்குத் தெரிந்தால் மனமுடைந்துவிடுவார் என்பர். தாயோ எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டு, பிள்ளைகளுக்காக அறியாதவர்போலக் கிடப்பார். மேல்நாட்டுத் தனிமனிதக் கோட்பாட்டை இங்கே அப்படியே பெயர்த்து நடமுடியாது என்பது உண்மை. ஆனால் குடும்பத்தோடு பேசுதல் வேறு, குடும்பத்தை நோயாளியின் இடத்தில் அமர்த்துதல் வேறு. தாளைக் கட்டிலின்மீது, எல்லார் கண்ணுக்கும் படும்படி வைத்தால் இரண்டுக்கும் இடமுண்டு. பிளேட்டோவின் நல்ல வைத்தியனும் உற்றாரோடு சேர்த்தே பேசினான்.

தமிழில் இத்தாள்களை எழுதுவது தனிப் பிரச்சினை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியக் கல்வியை நடத்திய சாமுவேல் கிறீன், அக்கல்வியைத் தமிழிலேயே புகட்டி, வைத்திய நூல்களைத் தமிழாக்குவித்தார். அவர் தேடியவை உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் உரிய சொற்கள். துணைத்தாளுக்கு வேண்டியவையோ ஐயப்பாட்டுக்குரிய சொற்கள். ‘ஆபத்து’ என்றால் நேர்ந்தே தீரும் கேடு போல ஒலிக்கின்றது. ‘வாய்ப்பு’ என்றால் நல்லது வரப்போவதுபோல ஒலிக்கின்றது. ‘நிகழ்தகவு’ கணித வகுப்புக்கு வெளியே போனதில்லை. உங்களைப்போன்ற நூறு பேரில் பத்துப்பேருக்கு இது வரும், தொண்ணூறு பேருக்கு வராது என்று எழுதுவதே தெளிவு. அந்தப் பத்துப்பேருள் நீங்கள் ஒருவரா என்று எவராலும் சொல்லமுடியாது என்ற வரியையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கும்.

சொற்களைப் பெயர்த்தாலும் வினாக்களைப் பெயர்க்க முடியாது. நீரிழிவு அட்டைகளையே எடுத்துக்கொள்வோம். இன்சுலினும், கிளிபென்கிளமைட் போன்ற சில குளிசைகளும் பட்டினி கிடக்கும் வேளையிற் சீனியை அபாயகரமாகக் குறைக்கக்கூடியவை. மெற்போமின் தனியே உட்கொள்ளப்படும்போது பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவருக்கும் றமழான் மாதம் முழுவதும் நோன்பு நோற்பவருக்கும் இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. வைத்தியர் ஏசுவார் என்று அவர்கள் விரதத்தைப்பற்றி வாய்திறப்பதில்லை. மாத்திரையைத் தாமே நிறுத்தியோ மாற்றியோ கொள்கின்றனர். வைத்தியரும் கேட்பதில்லை. மினசோட்டாவில் ஆக்கப்பட்ட தொகுதியில் விரதத்துக்கென ஓர் அட்டை இல்லை.